கழுத்திலா, அக்குளிலா?

செம்பனை மட்டையின் அடிப்பக்கத்தில் இரண்டு ஓரமும் முள். குலைக்குள்ளும் முள். உதிரிப்பழம் பொறுக்குகிறவர்களின் விரலும் மணிக்கட்டும் அதில் குத்துப்படாமல் தப்புவது அரிது. பெரும்பாலும் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். முனை உள்ளேயே ஒடிந்து தங்கிவிட்டால்தான் வம்பு. தாவர முள் எக்ஸ்ரேயில் எளிதில் தெரியாது. வாரங்களோ மாதங்களோ கழித்து விரல் மூட்டு வீங்கும், அல்லது தசைநாணின் உறை வீங்கி விரல் மடங்காமல் நிற்கும். அப்போது கையைத் திறந்து, ஒடிந்த துணுக்கைத் தேடி எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். மலேசியாவில் கை அறுவை செய்கிற மருத்துவர்களுக்குப் பழகிப்போன கோளாறு இது.

முள்ளைவிடப் பெரிய காயங்களுக்கும் தோட்டத்தில் குறைவில்லை. உயர்ந்த மரத்தில் குலை வெட்ட நீண்ட கம்பின் நுனியில் அரிவாள். குட்டை மரத்துக்கு உளி. ஒரு குலை 10 முதல் 25 கிலோ வரை எடை நிற்கும். அண்ணாந்து பார்த்தபடி வெட்டுகிறவர் தலையைக் காக்கக் கையைத் தூக்கினால், விழுகிற குலையை முன்னங்கை எலும்புதான் வாங்கிக்கொள்ளும். அரிவாள் நழுவினால் மணிக்கட்டின் தசைநாண்கள் அறுபடும்.

லிங்கி, சுவா பெத்தோங், ஜெரம் பாடாங் என்று நெகிரி செம்பிலானில் பெயர் சொல்லும் தோட்டங்களில் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட கையை முதலில் பார்த்தவர் தோட்டத்து டிரஸ்ஸர். கட்டுப்போடுவார், ஊசி போடுவார், தன்னால் ஆகாதென்றால் லாரியில் ஏற்றி அனுப்புவார். இன்று போர்ட்டிக்சனிலும் ஜெம்போலிலும் கோலப்பிலாவிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே முடியாத அறுவைக்கு பகாவ், கோலப்பிலா பக்கத்து ஆட்கள் புக்கிட் புத்துஸ் மலைப்பாதையைத் தாண்டிச் சிரம்பானின் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

அறுவை மருத்துவரின் கேள்வி, இந்தக் கையில் எதைச் சரிசெய்வது என்பது. மயக்க மருத்துவரின் கேள்வி வேறு. ஆளை முழுதாக உறங்க வைப்பதா, கையை மட்டும் மரக்க வைப்பதா? கையை மட்டும் என்றால் ஊசியை எங்கே இறக்குவது? கழுத்தில், காறையெலும்புக்கு மேலே, அதற்குக் கீழே, அக்குளில் என்று நான்கு வாசல்கள் இருக்கின்றன. நான்கும் ஒரே நரம்புக் கூட்டத்தைத்தான் தேடிப் போகின்றன. ஆனால் வாசலுக்கு ஏற்ப மரத்துப்போகும் பகுதியும் மாறும், அதற்காக நோயாளி கொடுக்கிற விலையும் மாறும்.

முழு மயக்கமே கொடுத்துவிட்டால் என்ன? காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வேலைக்காட்டுக்குப் போனவர் பத்து மணிக்கு அடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிபட்ட உடம்பில் இரைப்பை காலியாவது மந்தமாகிவிடும். ஆறு மணி நேரம் பட்டினி போட்டாலும் வயிறு காலி என்று நம்ப முடியாது. மயக்கத்தில் உணவு மேலேறி மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் கைக்கு வந்த வினை உயிருக்கு வந்துவிடும். கையை மட்டும் மரக்க வைத்தால் நோயாளி விழித்திருப்பார். தன் தொண்டையைத் தானே காத்துக்கொள்வார். ஆனாலும் முழு மயக்கத்துக்கான ஏற்பாடு பக்கத்தில் தயாராகவே இருக்க வேண்டும். எந்தக் கைதேர்ந்தவர் போட்டாலும், நரம்பை மறித்துக் கையை மரக்க வைக்கும் பிளாக்குகளில் சில பிடிக்காமல் போகும்.

இனி அந்த நரம்புக் கூட்டம். கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து வரும் ஐந்தாம் முதல் எட்டாம் நரம்பு வரை நான்கு, அவற்றோடு முதல் மார்பு நரம்பு ஒன்று, ஆக ஐந்து வேர்கள். கழுத்தின் பக்கவாட்டில் ஸ்கேலின் தசைகள் இரண்டின் இடுக்கு வழியாக இவை வெளியே வருகின்றன. வந்ததும் மூன்று தண்டுகளாகச் சேர்ந்து, காறையெலும்புக்குச் சற்று மேலே, முதல் விலா எலும்பின் முதுகில் தமனியை ஒட்டிக் கடக்கின்றன. காறையெலும்பின் பின்னால் பிரிந்து, மறுபடி வேறு விதமாகச் சேர்ந்து, மூன்று வடங்களாகத் தமனியைச் சூழ்கின்றன. அக்குளை அடையும்போது தனித்தனி நரம்புகளாகிவிடுகின்றன. இந்த மொத்த ஏற்பாட்டுக்குப் பெயர் புயநரம்புப் பின்னல்.

கெமாஸ் ரயில் சந்திப்பை நினைத்துக்கொள்ளலாம். ஜொகூர் பாருவிலிருந்து வருகிற தடம் அங்கேதான் ஒரு பக்கம் சிரம்பான், கோலாலம்பூர் என்றும் மறுபக்கம் கிளந்தானின் தும்பாட் என்றும் பிரிகிறது. கெமாஸிலேயே தடத்தை மறித்தால் இரண்டு பக்கமும் வண்டி நின்றுவிடும். சிரம்பானில் மறித்தால் கிளந்தான் வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். எங்கே மறிப்பது என்பது எந்த வண்டியை நிறுத்த வேண்டும் என்பதைப் பொறுத்தது.

மறிக்கிற வேலையைச் செய்வது லிடோகெயின், பியூபிவகெயின், ரோபிவகெயின் போன்ற மருந்துகள். நரம்பில் சேதி ஓடுவதென்றால் நரம்பிழையின் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்வது, அந்தப் பாய்ச்சல் அடுத்த வாயிலைத் திறப்பது, இப்படியே தொடர்வது. மருந்தின் மூலக்கூறுகளில் மின்னூட்டம் இல்லாதவை மட்டுமே சவ்வைக் கடந்து உள்ளே போகும். உள்ளே போனபின் மின்னூட்டம் பெற்று, சோடியம் வாயிலை உட்பக்கத்திலிருந்து அடைத்துக்கொள்ளும். சேதி அந்த இடத்தோடு நின்றுவிடும்.

இதிலிருந்து ஒரு நடைமுறைச் செய்தி கிடைக்கிறது. சீழ்ப்பிடித்த இடத்தில் திசு அமிலமாகிவிடும். அமிலச் சூழலில் மருந்தின் பெரும்பகுதி மின்னூட்டம் பெற்றுச் சவ்வுக்கு வெளியிலேயே நின்றுபோகும். நீரிழிவுக்காரரின் கையில் முள் குத்திப் புரையோடியிருந்தால், புண்ணைச் சுற்றி எத்தனை ஊசி போட்டாலும் சரியாக மரக்காது. நோயாளி கத்துவார், டாக்டர் ‘இன்னும் கொஞ்சம்’ என்பார். அதே மருந்தைப் புண்ணுக்கு வெகு மேலே, நலமான திசுவில் இருக்கும் நரம்பின் பக்கத்தில் போட்டால் மொத்தக் கையும் அடங்கிவிடும்.

நரம்பிழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்குவதில்லை. இரத்தக் குழாயைச் சுருக்கி வைக்கிற மெல்லிய இழைகள் முதலில் விழும். அதனால் பிளாக் பிடிக்கத் தொடங்கியதற்கு முதல் அடையாளம், உள்ளங்கை சூடாவது. பிறகு வலி, பிறகு தொடுவுணர்வு, கடைசியில் அசைவு. இந்தச் சூட்டுக்கு அத்தியாயத்தின் முடிவில் ஒரு பெரிய வேலை இருக்கிறது.

1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கண்ணில் கோக்கெயின் சொட்டுவிட்டு வலியின்றி அறுக்க முடியும் என்று காட்டினார். அடுத்த ஆண்டுக்குள் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் கை நரம்புகளைத் திறந்து, கண்ணால் பார்த்து, அவற்றிலேயே கோக்கெயினைச் செலுத்தினார். தன்மேலும் சோதித்துப் பார்த்ததில் அந்த மருந்துக்கே அடிமையானார். தோலை வெட்டாமல் ஊசியால் மட்டும் பின்னலைத் தொடும் வழி 1911இல்தான் வந்தது, அதுவும் ஒரே ஆண்டில் இரண்டு வழிகள். ஹைடெல்பெர்க்கில் ஜார்ஜ் ஹிர்ஷல் அக்குள் வழியாகப் போனார். சுவிக்காவ் நகரில் டீட்ரிக் குலென்காம்ஃப் காறையெலும்புக்கு மேலிருந்து போனார், முதலில் தன் கையிலேயே. மலாயாவில் இந்தியர்களின் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டு, ரப்பர் விலை ஏற்றத்தில் கங்காணிகள் கப்பல் கப்பலாகத் தமிழர்களைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த அதே காலம். ஜெர்மனியில் பிறந்த இந்த ஊசிகள் தோட்டத்துக் கைகளை எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஹிர்ஷலின் அக்குள் வழியிலிருந்து தொடங்குவோம். தோட்டக் காயங்களுக்கு அதிகம் பொருந்துவது அதுதான் என்பது என் எண்ணம்.

கையை விரித்து, முழங்கையை மடக்கி, அக்குளில் விரலை வைத்தால் தமனி துடிப்பது தெரியும். அதைச் சுற்றி மூன்று நரம்புகள்: மீடியன், அல்னார், ரேடியல். கட்டைவிரல் முதல் சுண்டுவிரல் வரை உள்ளங்கையும் புறங்கையும் இவற்றின் ஆட்சி. நுரையீரல் இங்கிருந்து தொலைவு. மூச்சை நடத்தும் நரம்பும் தொலைவு. ஊசி தவறித் தமனியைக் குத்திவிட்டாலும் விரலால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்திவிடலாம். விரல், உள்ளங்கை, மணிக்கட்டு, முன்னங்கை ஆகியவற்றில் செய்யும் அறுவைக்கு இது போதும்.

குறை என்ன? நான்காவது நரம்பு. மஸ்குலோகியூட்டேனியஸ் என்ற நீண்ட பெயர் கொண்டது. முழங்கையை மடக்கும் தசையை இயக்கிவிட்டு, முன்னங்கையின் கட்டைவிரல் பக்கத் தோலுக்கு உணர்வு தருவது. அக்குளை அடையும் முன்பே கூட்டத்தைவிட்டுப் பிரிந்து தசைக்குள் நுழைந்துவிடும். தமனியைச் சுற்றி மட்டும் மருந்து போட்டால் இது தப்பிவிடும். ஆரை எலும்பின் மேல் கத்தி வைத்ததும் நோயாளி துள்ளுவார். ஆகவே இதைத் தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்னொன்று, கையை விரிக்க வேண்டும். மேற்கை எலும்பு முறிந்தவரிடம் ‘கையை நீட்டி வையுங்கள்’ என்று சொல்வது கொடுமை. புரையோடிய கையில் கிருமி அக்குளின் நிணக்கணுக்களுக்கு ஏறி அங்கே நெறி கட்டியிருந்தால், அந்த வழியாக ஊசி போடாமல் இருப்பதே நல்லது.

நான்கு நரம்பும் பிடித்ததா என்று பார்க்க மயக்க மருத்துவர்கள் ஒரு சுருக்கு வழி வைத்திருக்கிறார்கள். கையைத் தள்ளச் சொல்வார்கள். ரேடியல் அடங்கியிருந்தால் தள்ள வராது. இழுக்கச் சொல்வார்கள், மஸ்குலோகியூட்டேனியஸ் அடங்கியிருந்தால் இழுக்க வராது. ஆள்காட்டி விரலைக் கிள்ளுவது மீடியனுக்கு, சுண்டுவிரலைக் கிள்ளுவது அல்னாருக்கு. அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

குலென்காம்ஃபின் காறையெலும்பு வழிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. கைக்குப் போகும் இழைகள் அனைத்தும் முதல் விலாவின் மேல் ஒரு சிறு கட்டாக நெருங்கிக் கிடக்கும் இடம் அது. ஒரே இடத்தில் 20 மில்லி போட்டால் மேற்கையின் நடுப்பகுதியிலிருந்து விரல்நுனி வரை விரைவாக, அடர்த்தியாக மரத்துப்போகும். கையை விரிக்கத் தேவையில்லை. கெமாஸ் இதுதான்.

ஆனால் விலா எலும்புக்கு அடுத்தபடி இருப்பது நுரையீரல். கைப்பழக்கத்தை மட்டும் நம்பிக் குத்திய காலத்தில் நூற்றில் ஒருவர் முதல் ஆறு பேர் வரை நுரையீரல் உறையில் ஓட்டை விழுந்து காற்றுக் கசிந்ததாகப் பதிவுகள் உண்டு. அன்றைய முறையில் நரம்பு கிடைத்ததற்குச் சான்று நோயாளியின் சொல்தான். ஊசி நரம்பைத் தொட்டால் விரல்வரை மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீரென்று இழுக்கும். ‘எங்கே இழுக்கிறது?’ என்று மருத்துவர் கேட்பார். வலியில் கிடக்கும் தொழிலாளிக்கும், அவர் மொழி தெரியாத மருத்துவருக்கும் நடுவே இந்த உரையாடல் எப்படி நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 1962இல் சிறு மின்துடிப்பால் தசையைத் துள்ளவைத்து நரம்பைக் கண்டறியும் கருவி பற்றி எழுதினார்கள். 1978இல் டாப்ளர் ஒலியால் தமனியை அறிந்து ஊசி போட்டுப் பார்த்தார்கள். 1994இல் வியன்னாவில் கேப்ரலும் அவர் குழுவினரும் அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே காறையெலும்புக்கு மேல் ஊசியைச் செலுத்தினார்கள்.

அதோடு கணக்கு மாறியது. திரையில் தமனி கறுப்பு வட்டமாகத் துடிக்கும். அதன் பக்கத்தில் நரம்புக் கட்டு. கீழே விலா வெள்ளைக் கோடு. அதற்கும் கீழே மூச்சோடு வழுக்கி நகரும் நுரையீரல் உறை. ஊசிமுனை எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். 2009இல் டொரொண்டோவில் தொடர்ச்சியாக 510 பேருக்கு இப்படிச் செய்ததைத் தொகுத்து எழுதியபோது 94.6 விழுக்காடு வெற்றி; நுரையீரலில் காற்றுக் கசிவு ஒருவருக்கும் இல்லை. தோட்டத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை திரையால் இன்னொரு நன்மையும் உண்டு. இன்று குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து அவர்களுக்கும் சொக்சோ என்ற தொழிலாளர் காப்பு உண்டு. மொழிபெயர்க்க ஆள்தான் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. நரம்பைத் தேடும் வேலையாவது இப்போது சொல்லை நம்பி நடக்கவில்லை. ஆனால் ஊசியின்போது கடும் வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் மொழியில் முதலிலேயே புரியவைத்தாக வேண்டும். நரம்புக்குள்ளேயே மருந்து ஏறுவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

கழுத்து வழி இதற்கும் மேலே. அலோன் வின்னி 1970இல் எழுதிய முறை: ஸ்கேலின் தசைகளின் இடுக்கிலேயே, வேர்கள் வெளிவரும் இடத்தில் மருந்து. தோள்மூட்டுக்கும் மேற்கையின் மேற்பகுதிக்கும் இதைப்போல வேறில்லை. கைக்கு ஆகாது, அடியிலிருக்கும் எட்டாம் கழுத்து நரம்பும் முதல் மார்பு நரம்பும் தப்பிவிடும், சுண்டுவிரல் பக்கம் உணர்வோடு இருக்கும். முள் குத்திய சுண்டுவிரலுக்குக் கழுத்தில் ஊசி போட்டால் நல்ல பிளாக் தவறான இடத்தில் வீணாகும்.

கழுத்து வழிக்குக் கொடுக்கும் விலை மூச்சு. உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு அந்த இடுக்குக்கு முன்னாலேயே இறங்குகிறது. வழக்கமான அளவில் மருந்து போட்டால் அந்தப் பக்க உதரவிதானம் ஏறக்குறைய எல்லாருக்கும் செயலிழந்துபோகும் என்று 1991இல் உர்மி குழுவினர் அல்ட்ராசவுண்டில் பார்த்துக் காட்டினார்கள். இழுத்து வெளிவிடும் மூச்சின் அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறையும். நலமான இளைஞருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆயுள் முழுக்கச் சிகரெட் பிடித்து நெஞ்சு இளைத்தவருக்கு அது பெரிய இழப்பு. மருந்தை 20 மில்லியிலிருந்து 5 மில்லியாகக் குறைத்தபோது இந்தச் செயலிழப்பு நூறு விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காடாக இறங்கியது என்று 2008இல் ஓர் ஆய்வு வந்தது. இறங்கியது, மறையவில்லை. கண்ணிமை தாழ்வது, குரல் கம்முவது ஆகியவையும் இந்த வழியின் உடன்விளைவுகள். மருந்து இறங்கியதும் சரியாகிவிடும், ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பக்கவாதம் வந்துவிட்டதென்று வீட்டார் பதறுவார்கள். காறையெலும்புக்கு மேல் போடும்போதும் ஃபிரெனிக் தப்புவது உறுதியில்லை. கீழே வரவர ஆபத்து குறையும்; அக்குளில் இல்லவே இல்லை.

நான்காவது வாசலான காறையெலும்பின் கீழ் வழிக்கு இந்தியத் தொடர்பு உண்டு. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பிரித்வி ராஜ் 1973இல் இதற்குப் புது உயிர் கொடுத்தார். மூன்று வடங்களும் தமனியைச் சூழ்ந்திருக்கும் இடம் என்பதால் மஸ்குலோகியூட்டேனியஸ் தப்பாது. கை உடம்போடு ஒட்டியே கிடக்கலாம். ஊசி போகும் ஆழம் அதிகம். தமனியைக் குத்திவிட்டால் மார்புத் தசைகளுக்கு அடியில் அழுத்திப் பிடிக்க முடியாது. ஆனால் மெல்லிய குழாயை வைத்துவிட்டு நாட்கணக்கில் மருந்து செலுத்த இதுவே வசதியான இடம், மார்புத் தசை குழாயை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. துண்டான விரலை ஒட்டவைத்த கையில் இப்படி மருந்து ஓடிக்கொண்டிருந்தால் வலியும் அடங்கும், இரத்தக் குழாய்களும் விரிந்தே இருக்கும். தமிழ்நாட்டில் இத்தகைய கை அறுவைக்குப் பெயர்பெற்றது கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை. 1978இல் அதைத் தொடங்கிய ஜே. ஜி. சண்முகநாதன் மயக்க மருத்துவர் என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. மயக்க மருத்துவர் தொடங்கி ஒரு மருத்துவமனை வளர்வது நம் ஊர்களில் எத்தனை முறை நடக்கிறது?

பின்னலைத் தொடாத வழிகள் இரண்டையும் விரைவாகப் பார்த்துவிடலாம். 1908இல் ஆகஸ்ட் பியர் கண்டது: மேற்கையை இறுக்கிக் கட்டி, இரத்தத்தை வடித்துவிட்டு, சிரைக்குள் நீர்த்த மருந்தைச் செலுத்துவது. எளிது, மணிக்கட்டு எலும்பை இழுத்து நேராக்கப் போதும், கட்டின் வலியால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மருந்து செலுத்தி 20 நிமிடம் ஆகும் முன் கட்டை அவிழ்க்கக் கூடாது, பியூபிவகெயினை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. இந்த இரண்டையும் மீறியதால் உயிர்கள் போயிருக்கின்றன. மற்றது கனடாவின் டொனால்ட் லலொண்ட் பரப்பியது: லிடோகெயினோடு அட்ரினலின் கலந்து வெட்டும் இடத்திலேயே போடுவது. கட்டு வேண்டாம், அட்ரினலினே இரத்தத்தை அடக்கும். விரலில் அட்ரினலின் போட்டால் விரல் அழுகும் என்று தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லப்பட்டதை இவர் ஆதாரத்தோடு மறுத்தார். அரிவாளால் அறுந்த தசைநாணைத் தைத்தபின் மேசையிலேயே ‘விரலை மடக்குங்கள்’ என்று சொல்லித் தையல் தாங்குகிறதா என்று பார்க்கலாம். அசைவையும் சேர்த்து அடக்கிவிடும் பிளாக்கில் இது நடக்காது. மலேசிய எலும்பு மருத்துவர்கள் இன்னும் ஒரு படி போய், மணிக்கட்டருகே முறிந்த ஆரை எலும்புக்கு இம்முறையில் தகடே பொருத்தி 2018இல் எழுதினார்கள். தசைநாண் காயத்துக்கு எந்த பிளாக்கைவிடவும் இதையே நான் முதலில் கேட்பேன். சீழ்ப்பிடித்த கைக்கு அல்ல; காரணம் மேலே சொன்ன அமிலம்.

எந்த வாசலானாலும் மருந்தின் அளவுக்கு எல்லை உண்டு. பியூபிவகெயின் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது பொதுக் கணக்கு. 50 கிலோ எடையுள்ள ஓர் அம்மாவுக்கு 100 மில்லிகிராம்; அரை விழுக்காட்டுக் கரைசலில் அது வெறும் 20 மில்லி. திரை இல்லாத காலத்தில் 40 மில்லி போடுவது வழக்கமாக இருந்தது. இரத்தத்தில் அதிகம் கலந்தால் வாயைச் சுற்றி மரப்பு, காதில் இரைச்சல், வலிப்பு. பியூபிவகெயின் என்றால் இதயம் நின்று, லேசில் திரும்பாது. 1979இல் ஆல்பிரைட் இதை எச்சரித்து எழுதினார். 1998இல் வைன்பெர்க் எலிகளில் கொழுப்புக் குழம்பைச் சிரையில் ஏற்றி அந்த இதயத்தை மீட்கலாம் என்று கண்டார். 2006இல் நியூயார்க்கில், கழுத்து பிளாக்குக்குப் பின் இதயம் நின்று 20 நிமிடத்துக்கு மேல் மார்பை அழுத்தியும் பலனில்லாத ஒருவர் அந்தக் குழம்பால் பிழைத்தார். சோயா எண்ணெயில் செய்தது. உலகுக்கே செம்பனை எண்ணெய் வார்க்கிற நாட்டிலும் பிளாக் போடும் அறையில் தயாராக இருக்க வேண்டியது அந்தப் பொட்டலம்தான்.

பிளாக் இறங்கும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பியூபிவகெயின் பன்னிரண்டு மணி நேரம்கூட நிற்கும். மாலையில் கட்டுப்போட்டுக்கொண்டு தோட்டத்து வீட்டுக்குத் திரும்பியவருக்கு நடுநிசியில் கை விழிக்கும், வலி ஒரேயடியாக வந்து இறங்கும். வலி தொடங்கும் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பாவிட்டால் மனிதர் பாடு திண்டாட்டம். அதுவரை கை அவருடையதே அல்ல. தூளியில் தொங்க வேண்டும், அடுப்பிலோ மோட்டார் சைக்கிளின் சுட்ட குழாயிலோ பட்டாலும் தெரியாது.

குலை விழுந்து நசுங்கிய முன்னங்கை மட்டும் தனிக் கவலை. உள்ளே தசை வீங்கி, உறைக்குள் அழுத்தம் ஏறி, இரத்த ஓட்டமே நின்றுபோகலாம். அதன் முதல் எச்சரிக்கை காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி. நீண்ட நேரம் நிற்கும் அடர்த்தியான பிளாக் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடும் என்று எலும்பு மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். மறைக்காது, பிளாக்கையும் மீறி வலி வரும் என்று மயக்க மருத்துவர்களில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள். இரவில் கையை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க ஆள் இல்லாத வார்டென்றால் நான் எலும்பு மருத்துவர்கள் பக்கம். குறுகிய நேரம் நிற்கும் மருந்து போதும்.

இப்போது, பிளாக் பிடித்ததும் உள்ளங்கையில் ஏறும் அந்தச் சூட்டுக்கு வருவோம். தோட்டத்துத் தமிழர்களின் கை அறுவை அரங்குக்கு வருவதற்கு இன்று முள்ளும் அரிவாளும் மட்டும் காரணமில்லை. 2019இன் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. நீரிழிவு பலருக்குச் சிறுநீரகத்தைக் கொண்டுபோய்விடுகிறது. டயாலிசிஸ் தொடங்கும் முன் மணிக்கட்டிலோ முழங்கையிலோ தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்துவிடுவார்கள். இரத்தம் வேகமாகப் பாய்ந்து சிரை தடித்தபின் அதில் ஊசி குத்தி இயந்திரத்தோடு இணைப்பார்கள். சிறு அறுவைதான். வெட்டும் இடத்தில் மட்டும் மருந்து போட்டே செய்துவிடலாம், பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இணைப்பு அடைத்துப்போவது அடிக்கடி நடக்கிறது.

கிளாஸ்கோவில் 126 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்த இடத்தில் மட்டும் மருந்து, மறு பாதிக்குப் புயநரம்புப் பின்னல் பிளாக் என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவு: மூன்று மாதம் கழித்து பிளாக் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினருக்கு இணைப்பு திறந்திருந்தது, மற்றவர்களில் 62 விழுக்காட்டினருக்கு மட்டுமே. தையல் போட்ட அந்த முதல் மணிகளில் இரத்தக் குழாயைச் சுருக்கும் நரம்பிழைகள் பிளாக்கில் அடங்கிக் கிடக்கின்றன. தமனியும் சிரையும் விரிகின்றன, ஓட்டம் கூடுகிறது, இணைப்பு பிழைக்கிறது.

இந்த நோயாளிக்கு எந்த வாசல்? உடம்பில் நீர் கோத்து நுரையீரல் கனத்திருக்கும் ஒருவருக்கு மூச்சில் கால் பங்கை இழக்கும் கழுத்து வழி கூடாது. யூரியா ஏறிய இரத்தம் உறைவது மந்தம். அழுத்திப் பிடிக்க முடியாத காறையெலும்புக் கீழ் வழிக்கும் யோசிக்க வேண்டும். மணிக்கட்டு இணைப்பென்றால் அக்குள் வழி தாராளமாகப் போதும். முழங்கைக்கு மேலே ஆழத்தில் கிடக்கும் சிரையை மேலே கொண்டுவந்து வைக்கும் அறுவையென்றால் அதோடு இன்னொன்றும் வேண்டும். மேற்கையின் உட்பக்கத் தோலின் ஒரு பகுதி இரண்டாம் மார்பு நரம்பைச் சேர்ந்தது. அது புயநரம்புப் பின்னலிலேயே இல்லை, ஆகவே நான்கு வாசல்களில் எதுவும் அதை எட்டாது. அக்குளுக்குச் சற்றுக் கீழே, தோலுக்கடியில், கையின் உட்பக்கம் குறுக்கே ஒரு கோடாகச் சில மில்லி லிடோகெயின் போட்டால் அதுவும் அடங்கும்.